எங்கட அகழி

சிட்னியின் புறநகரான டூங்கபியில், எங்கள் குசினியில் நிற்கும் ஃபிரிட்ஜின் கதவில் ஒரு படம் ஒட்டியிருக்கிறது. சதுரமாகச் சுற்றி வரும் ஒரு வாய்க்கால், பாசி படிந்த தண்ணீர், நடுவில் வெறும் புல். பார்ப்பவர்கள் வயல் என்று நினைக்கிறார்கள். அது இங்கிலாந்தில், சஃபோக் பக்கம், மச்சான் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அகழி.

மச்சான் என் அத்தையின் மகன். யாழ்ப்பாணத்தில் இருவரும் ஒரே பத்திரிகையில் வேலை பார்த்தோம். அவன் எழுதுவான், நான் வெட்டித் திருத்துவேன். வாசகர்கள் அவனைத்தான் விசாரித்து வருவார்கள். பிறகு அவன் இங்கிலாந்துக்குப் போனான், நான் சிட்னிக்கு வந்தேன். தொலைபேசியில் அவன் அகழி என்று சொல்லும்போதெல்லாம் என் மனம் மதிலையும் கொத்தளத்தையும் எழுப்பி, தண்ணீரில் முதலையையும் விட்டது. என் வீட்டுக்குப் பின்னால் தகர வேலியும் துணிக்கொடியும்தான்.

போன வருடம் மனைவியோடு மச்சான் வீட்டுக்குப் போனேன். தொட்டால் சொறியும் காஞ்சோண்டிச் செடிகளுக்குள்ளால் நடத்திப்போய்க் காட்டினான். தண்ணீரில் இரண்டு தாராக்கள் நீந்தின.

“எங்கையடா கோட்டை?”

“கோட்டையோ? ஒரு காணிக்காரன்ர வீடு இருந்த இடமடா இது.”

“முதலை?”

“மீன் வளர்த்தவங்கள்.”

மத்திய காலத்தில் வசதியான காணிக்காரர்கள் வீட்டைச் சுற்றி இப்படி வெட்டினார்களாம். கள்ளருக்கு ஓரளவு தடை. ஆனால் பெரிய பிரபுவிடம் இருக்கிறதே என்று வெட்டியவர்கள்தான் அதிகம் என்பது மச்சானின் கட்சி. “பக்கத்து வளவுக்காரன் பாத்து வயிறெரிய வேணும். அதுக்குத்தான்.”

மனைவி என்னைப் பார்த்தாள். “அப்ப இன்னும் வேலை செய்யுது.”

உண்மையில் அதுவரை எனக்கு எரியவில்லை. அப்போது ஒரு வெள்ளைக்காரக் கிழவர் நாயோடு வந்து, கரை சரிந்த இடத்தைக் காட்டி மச்சானிடம் ஏதோ கேட்டார். அவன் விளக்க, அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டு போனார். மச்சான் என் பக்கம் திரும்பிச் சாதாரணமாகச் சொன்னான்: “மழைக்கு எங்கட அகழி கொஞ்சம் இடிஞ்சு போச்சு.”

எங்கட. அந்தச் சொல்லில்தான் எரிந்தது. இத்தனை வருடத்தில் சிட்னியில் எதையும் நான் அப்படிச் சொன்னதில்லை. சொந்த வீட்டையே ‘டூங்கபி வீடு’ என்கிறேன்.

இந்த டிசம்பரில் மச்சான் இங்கே வருகிறான். நேற்றுத் தொலைபேசியில் கேட்டான்: “என்னடா காட்டப்போறாய்?” நான் ஃபிரிட்ஜின் முன்னால் நின்றேன். எங்கள் தெருவுக்குக் கீழே ஓர் ஓடை உண்டு. ஒரு மாதமாக அதன் கரையில் நடக்கிறேன். மழைக்கு எதுவரை ஏறுகிறது, எங்கே மண் சரிகிறது என்று பார்த்துவைக்கிறேன். எங்கட ஓடை என்று சொல்ல வாயெடுத்தேன்.

“இங்க ஒரு ஓடை இருக்கு,” என்றேன்.

“எங்கட அகழியை விடப் பெரிசோ?”

படத்தில் அந்தத் தண்ணீரின் அகலத்தைக் கண்ணால் அளந்தேன்.

“பெரிசு,” என்றேன்.