அறுபத்து மூன்று சதவீதம்

மருந்துக் கிடங்கில் அவளை எல்லோரும் ‘ஸ்வெட்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். தடுப்பூசிகள் வைக்கும் குளிரறைக்கு அவள்தான் பொறுப்பு. ஒரு நாளைக்கு ஆறு முறை உள்ளே போய் வெப்பமானியைப் பார்த்து எழுத வேண்டும் என்பதால், வெயில் கொளுத்துகிற மாதத்திலும் அந்தச் சாம்பல் நிற ஸ்வெட்டரைக் கழற்றுவதில்லை. வயது நாற்பத்தொன்று, பதினான்கு வருட வேலை. மாடியிலிருக்கும் திட்டப் பிரிவுக்குப் போக வேண்டுமென்றால் முதுகலைப் பட்டம் கட்டாயம். அதற்காக நான்கு வருடமாக அஞ்சல் வழியில் படித்துக்கொண்டிருந்தாள். அஞ்சல் வழி என்பது பழைய பெயர். தபால்காரருக்கு இதில் ஒரு வேலையும் இல்லை, எல்லாம் மடிக்கணினியில்.

பாடங்களைக் கேட்டது சமையலறையில். பேராசிரியரின் குரலை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு வெங்காயம் நறுக்குவாள். “இந்த ஆளு ரயிலப் பிடிக்கவா ஓடுறாரு?” என்பான் வேன் ஓட்டும் கணவன். கூடப் படித்தவர்கள் யாரையும் அவள் நேரில் பார்த்ததில்லை. ஒருவருடைய கேமராவில் எப்போதும் கூரையில் சுற்றும் மின்விசிறி மட்டுமே தெரியும். இரண்டு வருடம் அந்த மின்விசிறியோடு சேர்ந்து குழு வேலை செய்து நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறாள்.

ஏழு தாள்கள் முடிந்தன. எட்டாவது, ஆய்வேடு. மின்சாரம் நின்றுபோனால் குளிரறை எத்தனை நேரம் தாங்கும், எந்த மருந்தை முதலில் மாற்ற வேண்டும் என்பது தலைப்பு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவளுக்குச் சொல்லத் தெரியும். எழுதி அனுப்பி மூன்று வாரம் கழித்து, மதிய இடைவேளையில் ஓர் அட்டைப்பெட்டியின் மேல் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. ஆய்வேட்டில் அறுபத்து மூன்று சதவீதம் வேறொருவர் எழுத்தோடு அப்படியே ஒத்துப்போகிறது, பத்து நாளில் விளக்கம் தர வேண்டும், திருட்டு என்று முடிவானால் எட்டுத் தாளும் ரத்து.

அந்த வேறொருவர் கிடங்கின் மேலாளர். ஒத்துப்போன எழுத்து, கிடங்கின் சென்ற ஆண்டு அறிக்கை. துறையின் இணையதளத்தில் அவர் பெயரோடும் படத்தோடும் இருந்தது.

எழுதியது ஸ்வெட்டர். கிடங்கின் வழக்கம் அப்படி. விஷயம் தெரிந்தவர் எழுதுவார், மேலாளர் தன் பெயரைப் போட்டு மேலே அனுப்புவார். அதில் யாருக்கும் குறை இருந்ததில்லை, அவளுக்கும்தான். எல்லோருக்கும் பொதுவான ஒரே கணினி, அதுவும் மேலாளர் பெயரில் திறப்பது. அவள் பெயர் எந்தக் கோப்பிலும் இல்லை. ஆய்வேட்டுக்கு உட்கார்ந்தபோது, நாம் எழுதியதுதானே என்று பக்கம் பக்கமாக எடுத்து வைத்தாள். அது இன்னொருவருடையது என்ற நினைப்பே வரவில்லை.

மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தாள். உள்ளே போய் வெப்பமானியைப் பார்த்தாள். நான்கு டிகிரி. எழுதிவிட்டு வந்தாள்.

வீட்டில் சொன்னபோது பத்தாவது படிக்கும் மகள்தான் முதலில் சிரித்தாள். “உன்னையே பாத்து எழுதி மாட்டிக்கிட்டியாம்மா? எங்க கிளாஸ்ல பக்கத்து பெஞ்சையாவது பாப்பாங்க.”

“சும்மா இரு,” என்றான் கணவன். “அந்த மனுஷங்கிட்ட ரெண்டு வரி வாங்கிட்டா முடிஞ்சுது. இவதான் எழுதினான்னு. அவருக்கு என்ன, கை வலிக்கவா போகுது?”

மறுநாள் மேலாளர் அறைக்குப் போனாள். “என்னம்மா, லீவா?” என்றார் அவர்.

“லீவு இல்ல சார். ஒரு கடிதம் வேணும்.”

மின்னஞ்சலைக் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

“நீ எழுதினதுதாம்மா. யாரு இல்லன்னா?”

“அதத்தான் சார் எழுத்துல கேக்கறாங்க.”

“வாயால ஆயிரம் வாட்டி சொல்றேன். பேப்பர்ல வந்தா வேற மாதிரி ஆயிடும். அந்த அறிக்கைய வெச்சுதானே என்னை மாநாட்டுல பேசக் கூப்பிட்டாங்க? நாளைக்கு எவனாவது கேட்டா நான் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது?”

“எனக்கு நாலு வருஷம் சார்.”

“தெரியும்மா.” உண்மையிலேயே வருத்தப்பட்டார். கணினிப் பக்கம் திரும்பி, இரண்டு விரல்களால் எழுத்துகளைத் தேடித் தேடித் தட்டினார். அவள் பின்னால் நின்று பார்த்தாள். ‘அறிக்கைத் தயாரிப்பில் இவர் உதவியாக இருந்தார்.’

“‘பெரிதும்’ சேக்கட்டுமா?”

“சேருங்க சார்.”

பெரிதும் உதவியாக இருந்தார் என்ற கடிதத்தை அனுப்பினாள். அடுத்த வாரம் விசாரணை. திரையில் மூன்று பேர், நடுவிலிருந்த அம்மையார் மட்டும் பேசினார். கிடங்கின் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.

“உதவினீங்க, சரி. எழுதினது யாரு?”

“எங்க ஆஃபீஸ்ல அப்படிப் பிரிக்கறதில்லைங்க.”

“அவர் எழுதலைன்னு சொல்றீங்களா? அப்படின்னா உங்க துறைக்கு நாங்க எழுதிக் கேக்கணும்.”

மாடிக்குப் போவதற்கான கோப்பில் முதல் கையெழுத்து மேலாளருடையது. அவரை விட்டால் மாடிக்கு வேறு வழியில்லை. இணைப்பு போய்விட்டதோ என்று திரையிலிருந்த ஒருவர் காதுக் கருவியைத் தட்டிப் பார்த்தார்.

“கேக்க வேண்டாங்க,” என்றாள்.

அப்படியானால் ஒரு வழி இருக்கிறது என்றார் அம்மையார். பிறர் எழுத்தைப் பெயர் சொல்லாமல் எடுத்தாண்டதாக ஒப்புக்கொண்டால் ஏழு தாள்களும் நிற்கும். ஆய்வேட்டை மூன்று மாதத்தில் திருத்தித் தரலாம். எடுத்த ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எழுதியவர் பெயர் குறிப்பிட வேண்டும். எவ்வளவு நன்றாகச் செய்தாலும் தேர்ச்சிக்கான மதிப்பெண் மட்டுமே.

“சரிங்க,” என்றாள்.

மாலையில் படிவம் வந்தது. சாப்பாட்டு மேசையில் வைத்து நிரப்பினாள். கடைசிக் கட்டத்தில், பெயர் குறிப்பிடாததற்கான காரணத்தை ஐந்நூறு சொற்களுக்கு மிகாமல் எழுதச் சொல்லியிருந்தார்கள்.

“நடந்ததை அப்படியே எழுதித் தள்ளு. நான் சொல்லட்டுமா?” என்றான் கணவன்.

“வேண்டாம்.” ‘கவனக்குறைவு’ என்று தட்டினாள்.

மகள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். “இன்னும் நானூத்தித் தொண்ணூத்தொம்பது வார்த்தை பாக்கி இருக்கும்மா.”

அனுப்பினாள். பிறகு ஆய்வேட்டைத் திறந்து, மின்சாரம் நின்ற முதல் இரண்டு மணி நேரத்தில் குளிரறைக் கதவைத் திறக்கக் கூடாது என்ற வாக்கியத்தைக் கண்டுபிடித்து, அதன் முடிவில் அடைப்புக்குறி போட்டு, மேலாளரின் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் தட்டினாள். அடுத்த வாக்கியத்துக்குப் போனாள்.