நல்ல நேரமும் ரம்ப மூடியும்

காரைக்குடியில் என் மகன் நடத்தும் மரப்பட்டறையில் அவனையும் சேர்த்து ஐந்து பேர். விரல்கள் நாற்பத்தெட்டரை. குறைகிற ஒன்றரையும் ஆசாரியின் இடது கையில். காலையில் பட்டறைக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்ப்பது அவர்களுடைய கைகளைத்தான். கணக்கெழுதி ஓய்வு பெற்றவருக்கு வேறு என்ன வேலை என்று மருமகள் கேட்பாள்.

கண்டனூர், தேவகோட்டைப் பக்கம் இடிக்கிற வீடுகளின் தேக்கு உத்திரங்களை வாங்கி மேசையும் கட்டிலும் செய்கிறார்கள். பழைய மரத்துக்குள் ஆணி முறிந்து கிடக்கும், வெளியே தெரியாது. வட்ட ரம்பம் அதில் பட்டால் மரம் எகிறும், இல்லையென்றால் ரம்பத்தின் பல் தெறிக்கும். அதற்காகத்தான் ரம்பத்தின் மேல் ஓர் இரும்பு மூடி.

போன ஆயுத பூசைக்கு அந்த மூடியைக் கழற்றிக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, உளி, இழைப்புளியோடு சாமி படத்துக்கு முன்னால் அடுக்கினார்கள். மறுநாள் விஜயதசமி. நல்ல நேரத்துக்குள் ஒரு பலகையாவது அறுத்து வேலையைத் தொடங்க வேண்டும். மறுபூசை செய்ய வேண்டிய பூசாரியோ மற்ற பட்டறைகளை முடித்துவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தார். நேரம் போய்க்கொண்டிருந்தது. மகன் புது வேட்டியும் கழுத்தில் தொங்கும் துண்டுமாக, பலகையைத் தூக்கி ரம்ப மேசையில் வைத்தான்.

"மூடிய மாட்டுப்பா" என்றேன்.

"பூசையில வச்சதத் தீபாராதனை காட்டாம எடுக்கக் கூடாதுங்கய்யா" என்றார் ஆசாரி.

"மிஷினுக்கும்தானே பூசை போட்டீக? அத மட்டும் ஓட்டலாமா?"

"மிஷின் நின்ன இடத்துலயே நிக்கிது. அத யாரு நகத்துனா?"

மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஒரு நொடி எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அதுதான் பயமாக இருந்தது.

"ஒரு சாண் பலகைப்பா. ஏன் இப்படிப் பதறுறீக?" என்று மகன் குனிந்தான். துண்டின் நுனிக்கும் ரம்பத்துக்கும் நடுவே நாலு விரற்கடை இருந்தது.

நான் போய் மெயினை இறக்கி, ஃபியூஸ் கட்டைகள் மூன்றையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"நல்ல நாளும் அதுவுமா கரண்டப் புடுங்கிட்டாகளே!" என்று பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார். ஆசாரி சிரிக்கவில்லை.

"குடுங்கப்பா" என்று மகன் கையை நீட்டினான்.

"மூடியக் கொண்டா, தாரேன்."

நல்ல நேரம் கடந்த பிறகுதான் பூசாரி வந்து சூடம் காட்டினார். ஆசாரி மூடியை எடுத்து மாட்டினார். நான் கட்டைகளைக் கொடுத்தேன். பலகை சுத்தமாக அறுபட்டது.

"பாத்தீகளா? ஆணியும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார் ஆசாரி.

அன்றிலிருந்து பட்டறையில் எது கெட்டாலும் பழி என் மேல்தான். திருப்பத்தூர்க்காரர் நாற்காலி ஆர்டரை ரத்து செய்தது, மோட்டார் எரிந்தது, மழை ஈரத்தில் வார்னிஷ் வெளுத்தது எல்லாம் நல்ல நேரத்தை நான் தவறவிட்டதால் வந்தவை. மகன் வாயால் சொல்வதில்லை. பெருமூச்சு விடுகிறான்.

மறுபடியும் பூசை வரப்போகிறது. நேற்று ஆசாரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஐயா, இந்தத் தடவ பூசைக்கு மக வீட்டுக்குப் போயிட்டு வாரீகளா? பேரப்புள்ளைக தேடும்ல?"

மகன் இழைப்பதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக்கொண்டிருந்தான்.

"மூடியக் கழத்தாமக் கழுவுங்க, போறேன்."

"கழத்தாம எப்படிய்யா கழுவுறது?"

"அப்ப நான் எங்குட்டும் போகல" என்றேன்.