அத்தானின் இன்றைய சொல்

என் அக்காவின் கணவர் கொள்ளுப்பிட்டியில் ஒரு கந்தோரில் கோப்புக் கட்டி வேலைக்காலம் முடிந்து இளைப்பாறியவர். ஆனால் ஆங்கிலத்தையே தான்தான் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தவர் என்ற நினைப்பு. தினமும் காலையில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஓர் ஆங்கிலச் சொல், அதன் தமிழ்ப் பொருள், கீழே ஓர் உதாரண வாக்கியம் போடுவார். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தங்கள் உடனே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும். அவர்களுக்கும் வேறு வேலை இல்லை.

அத்தானுக்கு உதாரணத்துக்கு இந்த உலகத்தில் அக்காவை விட்டால் ஆள் கிடையாது. கேர்லெஸ் என்றால் கவனயீனம்: என் மனைவி கறிக்கு உப்புப் போட மறந்தாள். லேஸி என்றால் சோம்பல்: என் மனைவி மத்தியானத்தில் தூங்குகிறாள். வெள்ளவத்தை வீட்டுக்குள் முகத்துக்கு நேரே சொல்லத் துணிவில்லாததை ஊருக்குப் பாடமாக நடத்துகிற ஆம்பிளை. தூ என்று துப்பலாம் போலிருக்கும். அக்கா எல்லாவற்றையும் வாசிப்பாள், பதில் போடமாட்டாள்.

ஒரு நாள் கொட்டாஞ்சேனையிலிருந்து வேலைக்குப் போகிற பஸ்ஸில் அன்றைய சொல்லைப் பார்த்தேன். எக்ஸாஜரேட், மிகைப்படுத்துதல். கொஞ்ச நாளாக நெஞ்சு நோகிறது என்று என் மனைவி மிகைப்படுத்துகிறாள். அதற்கும் கட்டைவிரல்கள், பல்லிளிக்கிற முகங்கள். என் கூடப்பிறந்தவளுக்கு நெஞ்சு நோவதைத் தங்கச்சியான எனக்குச் சொன்னது அந்தப் பாடம்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இறங்கி ஓட்டோ பிடித்து வெள்ளவத்தைக்குப் போனேன். அக்கா குசினி அடுப்படிச் சுவரில் சாய்ந்து நின்றாள், முகமெல்லாம் வியர்வை. அத்தான் கதிரையில் உட்கார்ந்து போனில் யார் யார் கட்டைவிரல் போட்டார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரோடு கதைத்து நேரத்தை வீணாக்கவில்லை, அக்காவை நானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மாரடைப்பு என்றார்கள். இன்னும் பிந்தியிருந்தால் பிழைத்திருக்கமாட்டாள் என்றும் சொன்னார்கள்.

அக்கா தேறி எழுந்து உட்கார்ந்த அன்று, அத்தான் வார்டுக்கு வருமுன்பே அவருடைய சொல் வந்துவிட்டது. ரிகவர், குணமடைதல்: என் மனைவி விரைவில் குணமடைந்து சமையலைப் பார்ப்பாள். கீழே கும்பிடுகிற கைகள் குவிந்தன. வெட்கங்கெட்ட கூட்டம். அக்கா என் போனை வாங்கி அதை வாசித்தாள்.

பிறகு அவர் வந்து, ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி அனுப்பினதும் நேரே வீட்டுக்குப் போகலாம் என்றார். அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் தங்கச்சியோட போறன். உதாரணத்துக்கு இனி வேற ஆளைப் பாருங்கோ."