பீலியைத் தட்டிய கரண்டி

என் சமையலறைச் சுவரில் ஓர் இரும்புக் கரண்டி தொங்குகிறது. காம்பு கழுத்தருகே கோணிப்போனதால் அதில் குழம்பும் ஊற்ற முடியாது, கஞ்சியும் கிளற முடியாது. மருமகள் இரண்டு முறை அதைப் பழைய இரும்புக்காரனிடம் போடப் பார்த்தாள். இரண்டு முறையும் நான் போட்ட சத்தத்தில் பயந்து திரும்ப மாட்டிவிட்டாள். ஆண்டுக் கடைசி மழைக்கு முன்னால் கூரை ஓரத்து மழைத்தண்ணீர்ப் பீலியில் அடைத்த சருகை வழிக்க ஆள் வந்து ஏணியைச் சாத்தினால், என் கண் அந்தக் கரண்டிக்குத்தான் போகும். இந்த வயதிலும் அப்படித்தான்.

அது என் அத்தையின் கரண்டி. ஜப்பான்காரன் மலாய் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில் ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில் இருந்தோம். அம்மா முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். அப்பாவைச் சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவருடைய தங்கையான அத்தைதான் என்னை வைத்துக்கொண்டாள். அடுத்த லாரிக்கு மாமாவின் பெயர் அடிபட்டதும், அத்தை அவரை அடுப்புக்கு மேலே இருந்த விறகுப் பரணில் ஒளித்துவிட்டாள். ஊருக்குச் சொன்ன கதை வேறு. "கட்டுனவள வுட்டுட்டு எவளோ ஒருத்தியோட ஓடிட்டான், நாசமா போறவன்!" என்று குழாயடியில் நின்று வாய் வலிக்கத் திட்டுவாள். அத்தனையும் பரணுக்குக் கேட்கும். கஞ்சி ஏற்றும்போது மாமா, "இன்னைக்குத் திட்டு கொஞ்சம் ஜாஸ்தியா போச்சு புள்ள" என்பார். அத்தை சிரிக்க மாட்டாள். நானும் அந்த நாட்களில் சிரித்த நினைவில்லை. லாரிச் சத்தம் கேட்டாலே பாவாடை நனைந்துவிடும், அதுதான் நினைவிருக்கிறது.

ஒவ்வொரு வீட்டுக் கூரை ஓரத்திலும் மழைத்தண்ணீரை வாங்க ஒரு தகரப் பீலி, அதன் கீழே ஒரு பீப்பாய். வெள்ளைக்காரத் துரை இருந்தவரை மழைக்காலத்துக்கு முன்னால் தோட்டத்து ஆட்கள் வந்து வழித்துவிட்டுப் போவார்கள். துரை ஓடிய பிறகு யாரும் சீந்தவில்லை. இலையும் பாசியும் மக்கிப் புல்லே முளைத்துவிட்டது. முதல் மழையிலேயே தண்ணீர் பீலியில் நிரம்பி, திரும்பி, கூரைத் தகரத்துக்கு அடியில் புகுந்து பரணில் இறங்கியது. ஈரத்தில் மாமாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. பலகைச் சுவர் வீடு. பக்கத்து வீட்டில் கொட்டாவி விட்டாலும் கேட்கும். மழைக்காலம் முழுக்க இப்படி நனைந்தால் மாமா பிடிபடுவது நிச்சயம். மூடுபனி லயத்தையே விழுங்கியிருந்த ஒரு பகலில், எல்லாரும் தேயிலை மலையில் இருந்தபோது, அவர் கூரைத் தகரத்தின் ஓரத்தைத் தூக்கிக் கையை வெளியே விட்டுப் பீலியை வழித்தார். தொங்கிய இடத்தைக் கம்பியால் இழுத்துக் கட்டினார். ஓட்டையைக் காட்டுப் பிசின் உருக்கி அடைத்தார். அன்று இரவு அத்தை வெகுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

பெருமழை கொட்டிய ஒரு நாள், தோட்டத்து ஆபீஸ் எழுத்தரான கிராணியோடு ஒரு ஜப்பான் சிப்பாய் ஆள் கணக்கெடுக்க வந்தான். மற்ற வாசல்களில் எல்லாம் பீலி வழிந்து தண்ணீர் ஊற்றுகிறது. எங்கள் வாசல் மட்டும் காய்ந்து கிடந்தது. ஒதுங்க இடம் தேடியவன் நேரே அங்கே வந்து நின்றான். தொப்பியைக் கழற்றி உதறினான். அண்ணாந்து பார்த்தான். பக்கத்து வீட்டுப் பீலியைப் பார்த்துவிட்டு மறுபடியும் எங்களுடையதைப் பார்த்தான். கிராணியிடம் மலாயில் ஏதோ கேட்டான்.

கிராணிக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஆம்பள இல்லாத வூடுன்னியே, இத யாரு கட்டுனதுன்னு கேக்குறான். பாத்துப் பேசுலா."

"நாந்தாங்கய்யா" என்றாள் அத்தை.

"எதால வழிச்சியாம்?"

வழித்த சுரண்டி மாமாவோடு பரணில் கிடந்தது. அத்தை உள்ளே போய், மரவள்ளிக் கஞ்சி கிளறும் கரண்டியை அடுப்படியிலிருந்து எடுத்து வந்து நீட்டினாள். சிப்பாய் கூரையைக் காட்டினான். ஏறிக் காட்டு என்கிறான் என்று சொல்லக் கிராணி தேவைப்படவில்லை.

முக்காலியில் ஏறினாலே அவளுக்குத் தலை சுற்றும். பீப்பாய்த் தண்ணீரைச் சாய்த்துக் கொட்டி, கவிழ்த்துப் போட்டு, சேலையைச் செருகிக்கொண்டு ஏறினாள். "மாதாவே, மாதாவே" என்று உதடு அடித்துக்கொண்டது. மழை அவள் முகத்தில் அறைந்தது. அவளுக்கும் மாமாவுக்கும் நடுவில் ஒரு தகரம்தான். நான் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் மேலேயிருந்து அந்த இருமல் கிளம்பியது. பாதி இருமல்தான், மீதியை மாமா எப்படியோ விழுங்கிவிட்டார்.

அத்தை கரண்டியை ஓங்கிப் பீலியில் அடித்தாள். டங், டங், டங்! "பாசி வுட மாட்டேங்குதுங்கய்யா!" என்று கத்திக்கொண்டே அடித்தாள். காம்பு வளைந்தும் நிறுத்தவில்லை. சிப்பாய் காதைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டான். என்னவோ சொல்லிவிட்டு மழையில் இறங்கினான்.

"நாளைக்கு தொர பங்களாவுக்கு வந்துரு. அங்க உள்ள பீலியெல்லாம் இனிமே நீதான் வழிக்கணுமாம்" என்றார் கிராணி. ஒரு தரம் என்னைப் பார்த்தார். கூரைப் பக்கம் பார்க்கவே இல்லை. அவருக்கும் கேட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். கடைசிவரை அவர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை, நல்ல மனிதர்.

ஜப்பான்காரன் போகும்வரை அத்தை அந்த உயரமான பங்களாக் கூரையில் ஏறினாள். போகும் வழியில் வாந்தி எடுப்பாள், வாயைத் துடைத்துக்கொண்டு நடப்பாள். மாமா உயிரோடு பரணிலிருந்து இறங்கினார். அப்பா திரும்பி வரவில்லை. பயம் மட்டும் அத்தையை விட்டு இறங்கவே இல்லை. மாமா எப்போது இருமினாலும் பக்கத்தில் இருப்பதை எடுத்துத் தட்டுவாள். சோற்றுத் தட்டு, வாளி, மாதா கோயிலில் பெஞ்சு. "சப்பான்காரன் போயிட்டான் புள்ள" என்பார் மாமா. "தெரியும்" என்பாள். கை கேட்காது. எத்தனையோ வருடம் கழித்து மாமா ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். அவர் இரும இரும, அத்தை இந்தக் கரண்டியால் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தாள். நர்ஸ் வைதும் நிறுத்தவில்லை. இருமல் நின்றுபோன பிறகும் கொஞ்ச நேரம் தட்டினாள்.

போன வாரம் எங்கள் பீலியை வழிக்க வந்தவர் ஏணி உச்சியில் நின்று இருமினார். கரண்டி எப்படி என் கைக்கு வந்தது என்று தெரியவில்லை. ஜன்னல் கம்பியை நான் தட்டிக்கொண்டிருந்தேன். மருமகள் ஓடிவந்து கையைப் பிடித்த பிறகுதான் நிறுத்தினேன்.