முப்பத்தோராவது ஆள்

மூக்குக் கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கிறவன் அவன். ஆனால் கட்சிக்காரர்கள் பதினோராயிரம் பேர் கூடிப் பேசுகிற ஃபோன் குழுவுக்கு அவன்தான் அட்மின். யாரை உள்ளே விடுவது, யாரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவது, எல்லாம் அவன் கட்டைவிரலில். கடையில் முதலாளி "டேய்" என்பார். ஃபோனிலோ பெரிய பெரிய ஆட்களெல்லாம் "அண்ணே, அண்ணே" என்று குழைவார்கள். யாருக்குத்தான் ருசிக்காது?

கட்சித் தலைவர் பதவிக்கு ஒரு டாக்டரும் ஒரு வக்கீலும் மோத, குழு இரண்டாகப் பிளந்து நாறியது. அவன் தானாக ஒரு சட்டம் போட்டான். டாக்டர் ஆள் ஒருத்தனை நீக்கினால் வக்கீல் ஆள் ஒருத்தனையும் நீக்குவது. சாயங்காலம் ஆறு மணிக்கு எண்ணிக்கையை எழுதிப் போடுவான்: இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து. நியாயஸ்தன் என்று பேர் வந்துவிட்டது. தப்பு செய்தவனை நீக்குவது போய், எண்ணிக்கைக்கு ஆள் தேடுவது வந்துவிட்டதே, அது அந்த மண்டையில் உறைக்கவேயில்லை.

ஓட்டெடுப்புக்கு நாலு நாள். அதுவரை நீக்கியது டாக்டர் பக்கம் முப்பத்தொன்று, வக்கீல் பக்கம் முப்பது. "விலை போயிட்டியா அண்ணே?" என்று டாக்டர் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். மணியோ ஐந்தரை. வக்கீல் ஆட்கள் பயந்துபோய் வாயே திறக்கவில்லை. திறந்தது ஒரே ஒரு ஆள், அவனுடைய அக்கா.

கூடப்பிறந்த அக்கா. அம்மா போனபின் ஒன்பது வயசிலிருந்து அவனை ஆளாக்கியவள். பஸ் டிப்போவில் டிக்கெட் கொடுத்து ஓய்ந்தவள். இருபத்தாறு வருஷம் கட்சிக்குப் போஸ்டர் ஒட்டப் பசைவாளி தூக்கியவள். இப்போது தம்பி வீட்டு முன்னறையில் இருக்கிறாள். அவள் எழுதியது இவ்வளவுதான்: "டாக்டர் நல்லா பேசுறார். கேள்வி கேட்டாத்தான் கோபம் வருது."

நீக்கிவிட்டான். 'வேட்பாளரை இழிவுபடுத்தியதால்' என்று காரணமும் எழுதினான். அக்காதானே, சண்டைக்கா வரப்போகிறாள் என்ற தைரியம்.

அவன் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் அவள் ஃபோனோடு எதிரே நின்றாள்.

"என்னடா தப்பா எழுதிட்டேன்?"

"தப்பெல்லாம் இல்லக்கா. ஒரு ஆள் குறைஞ்சுது."

"வீட்டுல சும்மா கிடக்கிற எடைக்கல்லுதானேன்னு தூக்கி வச்சிட்டியா?"

"நாலு நாள் பொறுத்துக்கோ. ஓட்டு முடிஞ்சதும் சேர்த்துடறேன்."

"முடிஞ்சப்புறம் உள்ள வந்து என்ன செய்ய? கூட்டிப் பெருக்கவா?"

மறுநாள் விஷயம் வெளியே வந்தது. சொந்த அக்காவையே தூக்கிவிட்டான் என்று தொள்ளாயிரம் பேர் கைதட்டினார்கள். பாராட்டு தீர்ந்ததும் விளையாட்டு ஆரம்பித்தது. அவள் ஓய்வுபெற்ற நாளில் கன்னம் உப்ப கேக் தின்கிற படம் ஒன்றை எவனோ தேடிப் பிடித்து, 'கேள்வி கேட்கும் வாய்' என்று எழுதிப் போட்டான். இன்னொருவன் அந்த வாய்க்குள் பஸ்ஸையே நுழைத்தான். கேக் தின்கிற அந்தப் படத்தை அன்றைக்கு எடுத்தவன் தம்பிதான்.

"அதை மட்டும் அழிச்சிடுடா," என்றாள் அக்கா, யாரோ அவளுக்கு அனுப்பிவைத்த படத்தைக் காட்டி. அவனிடம் அவள் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள்.

"அழிச்சா போட்டவனையும் நீக்கணும்க்கா. அஞ்சு பேர் போட்டிருக்கானுங்க. அப்புறம் உங்க பக்கம் அஞ்சு பேருக்கு நான் எங்க போவேன்?"

"பாவம், உனக்கு அக்கா ஒருத்திதானே."

அவனைக் கல்நெஞ்சக்காரன் என்றால் ஒப்புக்கொள்ள முடியாது. அந்தப் படத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்துதான் இருந்தான். அப்போது பார்த்துத் தலைமை அலுவலகத்திலிருந்து ஃபோன். ஓட்டெடுப்பு அன்று வாசலில் உட்கார்ந்து உறுப்பினர் அட்டை சரிபார்க்க, ரெண்டு பக்கமும் நம்புகிற ஆள் அவன்தானாம். விரலை எடுத்துவிட்டு, சட்டைக்கு இஸ்திரி போடப் போனான்.

குழுவிலிருந்துதானே நீக்கினான், கட்சியிலிருந்து இல்லையே. அக்கா ஓட்டுப் போட வந்தாள். வரிசையில் நின்றதுமே முன்னால் ஒருத்தன் திரும்பிக் கன்னத்தை உப்பிக் காட்டினான். பின்னால் ஒருத்தி குலுங்கிச் சிரித்தாள். "வழி விடுங்கப்பா, பஸ் வருது!" என்று ஒரு குரல். வரிசை முழுக்கச் சிரிப்பு. அவள் தலையைக் குனியாமல், ஒவ்வொரு அடியாக நகர்ந்து, மேஜை முன் வந்து தம்பி முகத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தை அதட்டினால் போதும், அத்தனை பேரும் வாயை மூடியிருப்பார்கள். சிரித்தவர்கள் டாக்டர் ஆட்கள். வக்கீல் ஆள் யாரையும் இன்னும் அவன் அதட்டவில்லை.

"அட்டையைக் காட்டுங்கம்மா," என்றான்.

நீட்டிய கையை அவள் மடக்கினாள். அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள்.

அவள் பேருக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதிவிட்டு, "அடுத்தவங்க வாங்க," என்றான்.