ருசி பார்க்க ஆளில்லாத மாம்பழச் சவ்வரிசி

நோன்பு மாதத்தில் எங்கள் குசினிக்கு நாக்கு என் இளைய மகள்தான். அவளுக்கு ஆறு வயது. அஸர் தொழுகைக்குப் பிறகு நான் எதைச் சமைத்தாலும் ஒரு கரண்டி எடுத்து அவள் வாயில் வைப்பேன். உப்போ, உறைப்போ, சீனியோ, அவள் சொன்னால் சரி. நாக்கு நுனியில் வைத்துத் துப்பினால் நோன்பு முறியாது என்பார்கள். எனக்கு அந்தத் துணிவில்லை.

அன்று வெக்கை தாங்கவில்லை. சவ்வரிசியைக் கண்ணாடி போல வரும்வரை அவித்து, பச்சைத் தண்ணீரில் அலசி, பாலும் மாம்பழக் கூழும் கலந்தேன். பருவத்துக்கு முந்தி வந்த பழம். எவ்வளவு சீனி போடுவதென்று பிடிபடாமல் மகளைக் கூப்பிட்டேன். வாயை இறுக மூடிக்கொண்டாள்.

“நான் நோன்பும்மா.”

“ஆரு விடியச் சஹர் சாப்பிட எழுப்பின?”

“வாப்பா.”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பகல் சோறு வேண்டாமென்று அவள் சொன்னதை அடமென்று நினைத்து ஏசியிருந்தேனே. என்னிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாம் இந்த மனிதர். அதே கோபத்தில் கண்மதிப்புக்குக் கொஞ்சம் சீனியைப் போட்டு, பிரிட்ஜில் வைத்தேன்.

நோன்பு திறக்கப் பாங்கு சொன்னதும் ஈத்தம்பழம், தண்ணீர், பிறகு ஆளுக்கொரு கிண்ணம். முதல் வாயிலேயே அவள் வாப்பாவின் முகம் கோணியது. அப்படிப் புளித்தது. மகளோ கிண்ணத்தை வழித்துத் தின்றாள்.

“சீனி காணுமா மகள்?”

“காணாதும்மா, புளிக்குது,” என்றாள், வாயைத் துடைத்துக்கொண்டு. “இனி நானும் நோன்புதானே, நீங்களே பாத்துப் போடப் பழகணும்.”