தாய்மாமன் மடி

என் மகனுக்குக் காது குத்த நாள் குறித்து, அரிமளத்துப் பக்கம் எங்கள் குலசாமி கோயிலில் பந்தலுக்கும் சொல்லியாயிற்று. அந்த நேரம் பார்த்தா என் தம்பி ஜெயிலுக்குப் போக வேண்டும்? தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் எங்கள் பக்கம் காது குத்துவது உண்டா? எனக்கு இருப்பதோ ஒரே தம்பி.

கொலைக் குற்றமெல்லாம் இல்லை. முன்பு ஒரு மஞ்சுவிரட்டில் பக்கத்து ஊர்க்காரரோடு கைகலப்பு. ஒரு வருஷம் வம்புதும்புக்குப் போகமாட்டேன் என்று கோட்டாட்சியரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். சாதுவாகத்தான் இருந்தான். அடுத்த மஞ்சுவிரட்டில் அவன் காளை, ஓடி முடித்த மாடுகளைச் சொந்தக்காரர்கள் பிடித்துக் கட்டும் கலெக்‌ஷன் பாயிண்டையும் தாண்டி ஓட, யாரோ ஒருவர் அதன் கொம்பில் கை வைத்துவிட்டார். எங்கள் ஊரில் காளை என்றால் பெற்ற பிள்ளை. எழுதிக் கொடுத்ததெல்லாம் மறந்துபோய், அவரைப் பிடித்துத் தள்ளிவிட்டான் மடையன்! பேச்சை மீறிவிட்டான் என்று போலீஸ் சொல்ல, மிச்ச மாதங்களுக்கு உள்ளே போடச் சொல்லிக் கோட்டாட்சியரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். கோர்ட்டும் இல்லை, சாட்சியும் இல்லை.

“ஒண்ணுவிட்ட தம்பி யாரையாவது ஒக்கார வச்சுக்கலாம்ல?” என்றார் மாமியார்.

“என் தம்பி மடியில ஒக்காராம ஒங்க பேரனுக்குக் காதே குத்த வேணாம் அத்தை!” என்றேன்.

புதுக்கோட்டையில் ஒரு வக்கீலம்மாவைப் பிடித்தேன். காகிதங்களைப் படித்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கு அப்போதே பாதி உயிர் வந்தது.

“எழுதி வாங்குனதும் அதிகாரி, மீறிட்டான்னு முடிவு பண்ணதும் அதிகாரி, ஜெயிலுக்கு அனுப்புனதும் அதே அதிகாரி. அப்ப நீதிபதி எதுக்குங்க? ஒருத்தரை உள்ள போடணும்னா முறையா விசாரிக்கணும்னு அரசியல் சாசனமே சொல்லுது. மதுரைக்குப் போவோம், வாங்க.”

ஐகோர்ட்டில் பேசியது முழுக்க இங்கிலீஷ். எனக்கு ஒரு எழவும் விளங்கவில்லை. வக்கீலம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் திரும்பி, “உத்தரவை ரத்து பண்ணிட்டாங்க. தம்பி வந்துருவார்” என்றதும், சாமி சத்தியமாக, அங்கேயே குலவை போடப் போனேன். நல்லவேளை, அவர் என் கையைப் பிடித்து அமுக்கிவிட்டார்.

காதுகுத்துக்கு முந்தின நாள்தான் வெளியே விட்டார்கள். இளைத்துப் போயிருந்தாலும் மேளத்தோடு சீர்த்தட்டு எடுத்துக்கொண்டு ஜம்மென்று வந்து இறங்கினான். பிள்ளையை மடியில் வாங்கினான். ஆசாரி ஊசியை எடுத்ததும் இவன் தொடை வெடவெடவென்று ஆடியது.

“தாய்மாமா, ஆடாம இருங்க. புள்ளை சும்மாத்தான் இருக்கான்” என்று ஆசாரி அதட்ட, பந்தலே சிரித்தது. முதல் காதுக்குச் சும்மா இருந்த பிள்ளை மறுகாதில் வீலென்று அலறினான். இவனும் மூக்கை உறிஞ்சினான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பந்தி தொடங்கிவிட்டது. அழுது ஓய்ந்த பிள்ளை அவன் மடியிலேயே தூங்கிப்போனான்.

“குடுடா, நான் தூக்கிக்கிறேன். நீ போய்ச் சாப்பிடு” என்றேன்.

“இருக்கட்டும்க்கா. இன்னுங் கொஞ்ச நேரம் வச்சுக்கிறேன்” என்றான்.